997-ஆ, 991-ஆ? செட்டிநாட்டு வீடொன்றில் ஒரு ஜிடி3 தேர்வு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் கானாடுகாத்தானை அடுத்த ஓர் ஊரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலேசியாவில் தொழில் நடத்தி, பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பூர்வீக வீட்டுக்குத் திரும்பியிருந்த 61 வயதுப் பெரியவர் ஒருவர், பந்தயத் தடத்துக்கும் ஏற்ற ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே 911 ஜிடி3 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க விரும்பினார். அவருடைய மகளுக்கு வயது 28, சென்னையில் வேலை, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இரண்டு ஆண்டுகளாகச் சாதாரண ஹேட்ச்பேக் வண்டியில் பயிற்சி எடுத்து வந்தவர். வண்டியைத் தடத்தில் ஓட்டப்போவது மகள், பணம் போடுவது தந்தை, வண்டி நிற்கப்போவது ஊர் வீட்டின் கார் ஷெட்டில் என்ற மூன்றும் முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்டன. அவை ஒன்றோடொன்று இழுபறியில் இருந்ததை நான் அன்று போதிய அளவு கவனிக்கவில்லை.

நான் காரைக்குடியில் பிறந்து அங்கேயே அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவன். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாகனப் பராமரிப்புத் துறையில் இருந்த பின், வாங்குவோர் சார்பில் பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்வதைத் தொழிலாகச் செய்துவருகிறேன். சோதனைக்குக் கட்டணம் உண்டு. விற்பவரிடமிருந்தோ தரகரிடமிருந்தோ கமிஷன் வாங்குவதில்லை. இந்த ஆய்வைக் குடும்பத்தாரின் ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

அவர்கள் என் முன் வைத்த கேள்வி எளிமையாக இருந்தது. மூத்த தலைமுறை ஜிடி3 வாங்குவதா, இளையதா? தந்தைக்கு 997 என்று குறிக்கப்படும் தலைமுறையின் மீது ஆசை, மகளுக்கு 991. விலையில் இரண்டுக்கும் இடையே சுமார் 60 லட்சம் ரூபாய் வேறுபாடு இருந்தாலும், பணம் அங்கே தடையாக இல்லை.

எந்தத் தலைமுறைகள் போட்டியில் இருந்தன

997 தலைமுறை ஜிடி3இன் இரண்டாம் வடிவம் 2009இல் வந்தது. 3.8 லிட்டர் எஞ்சின், 435 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), ஆறு கியர் மேனுவல் மட்டும், ஹைட்ராலிக் ஸ்டியரிங். அதன் எஞ்சின், போர்ஷே எஞ்சின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் வழங்கும் வழிவந்தது. 1998இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 911 ஜிடி1 வண்டியோடு நேரடி உறவு உடையது. அந்த உறவுக்காகவே இதற்கு விலை கொடுப்பவர்கள் உண்டு. தந்தை அவர்களில் ஒருவர்.

2013இல் வந்த 991இல் கிட்டத்தட்ட எல்லாமே மாறின. புது எஞ்சின் 475 பிஎஸ் தந்து, நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை சென்றது. கிளட்ச் மிதியே இல்லாத, தானே கியர் மாற்றும் பிடிகே கியர்பெட்டி மட்டும் கொடுத்தார்கள். ஸ்டியரிங் மின்சாரத்துக்கு மாறியது. பின்சக்கரங்களும் சிறிதளவு திரும்பின. அடுத்த ஆண்டே சில வண்டிகள் தீப்பிடித்தன. பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்ததே காரணம் என்று அறிந்து, அதுவரை கொடுத்திருந்த 785 வண்டிகளுக்கும் தயாரிப்பாளர் எஞ்சினையே மாற்றித் தந்தார். பின்னர் வால்வை இயக்கும் ஃபிங்கர் ஃபாலோவர்கள் தேய்வதாகப் புகார் எழுந்து, அமெரிக்காவில் அந்த எஞ்சின்களுக்கு உத்தரவாதம் 10 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. 2017இல் வந்த 991இன் இரண்டாம் வடிவத்தில் 4.0 லிட்டர் எஞ்சின், 500 பிஎஸ், வால்வு அமைப்பில் திருத்தம் ஆகியவற்றோடு, விரும்பியவர்களுக்கு மேனுவலும் திரும்பி வந்தது. ஆகவே 991 என்று ஒரே பெயரில் பேசினாலும், வாங்குபவர் கணக்கில் அவை இரண்டு வேறு வண்டிகள்.

2021இல் 992 வந்தபோது இந்தியாவில் அதன் ஷோரூம் விலை 2.5 கோடி. முன்சக்கரங்களுக்கு இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் கொண்ட அந்தத் தலைமுறையை, சாலை வரி முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்த அன்றே விலக்கிவிட்டோம். வெளிநாட்டிலிருந்து பழைய வண்டி இறக்கும் யோசனையும் நிற்கவில்லை. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை, வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், சுங்க வரி வேறு. எனவே இந்தியாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சில வண்டிகளுக்குள்தான் தேட வேண்டியிருந்தது. சித்திரை முடிவதற்குள் மூன்று வண்டிகள் பட்டியலில் நின்றன: 2010இல் பதிவான 997, 2014இன் 991, 2018இன் 991 இரண்டாம் வடிவம்.

இடத்தை முதலில் அளந்தோம்

வண்டியைப் பார்க்கும் முன்பாகவே வீட்டைப் பார்க்கக் கேட்டேன். செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய முறையில், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருந்தன. கார் ஷெட் பின்தெருப் பக்கம், 1930களில் யாரோ ஒரு மூதாதையரின் உயரமான இங்கிலாந்து வண்டிக்காகக் கட்டப்பட்டது. தெருவிலிருந்து ஷெட்டுக்கு ஏறக் கற்பலகையாலான ஒரு குட்டைச் சரிவு. அந்தக் காலத்து வண்டிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஜிடி3இன் முன் உதடோ (முன் பம்பரின் அடிவிளிம்பு) தரையை ஒட்டிப் போவது.

நூல் கட்டி, ரசமட்டம் வைத்து அளந்தோம். 120 செ.மீ. நீளத்தில் 19 செ.மீ. ஏற்றம். அட்டையில் முன்பகுதியின் வடிவத்தை வெட்டிச் சரிவில் வைத்துப் பார்த்ததில், உதடு இரண்டு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாகக் கல்லில் இடித்தது. முன் அச்சை ஏறத்தாழ 30 மி.மீ. தூக்கும் வசதி இரண்டு தலைமுறையிலும் கூடுதல் விலைக்குக் கிடைத்த ஒன்று. ஆனால் எங்கள் பட்டியலில் 2018 வண்டியில் மட்டுமே அது இருந்தது. கல்லை உடைத்துச் சரிவை நீட்டலாம் என்று கொத்தனார் சொன்னதற்குப் பெரியவர் சம்மதிக்கவில்லை. ஆசாரி ஒருவர், வீட்டின் பழுதுபார்ப்பில் மிஞ்சிய பர்மா தேக்கில் ஆப்பு வடிவில் இரண்டு பலகைகள் செய்துகொடுத்தார். தூக்கும் வசதியும் பலகையும் சேர்ந்தால் தாராளமாக ஏறும். பலகை மட்டும் என்றால் மயிரிழைதான் இடைவெளி. இது 2018 வண்டிக்கு விழுந்த முதல் ஓட்டு.

அன்று பெரியவரின் மனைவி கேட்ட கேள்வியையும் பதிவு செய்கிறேன். “ரெண்டே ரெண்டு இருக்கையா? அப்ப குலதெய்வத்துக்குப் போகணும்னா?” அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

தூரத்தையும் கணக்கில் எடுத்தோம். ஊரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குச் சுமார் 400 கி.மீ.; கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள கரி ஸ்பீட்வேக்கு 300 கி.மீ. அளவில். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் ஒரு சுற்று 3.7 கி.மீ.; ஒரு நாளில் 30 சுற்று ஓட்டினாலும் தடத்தில் ஓடுவது 111 கி.மீ.தான், போய்வருவது 800. ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிச் செல்வதா, ஓட்டிச் செல்வதா என்பதைப் பொறுத்து டயர், பிரேக், ஓட்டுபவரின் உடம்பு ஆகியவற்றின் கணக்கு மாறும். சென்னையில் மகள் இருந்த அடுக்ககத்தில் இத்தகைய வண்டிக்கு இடமில்லை என்பதுதான் ஊரில் நிறுத்துவதற்குச் சொன்ன காரணம். மாத வாடகைக்கு மூடிய இடம் சென்னையில் கிடைக்கும் என்று நான் சொன்னபோது, பெரியவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அந்த மௌனத்துக்குப் பொருள் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

997: ஓட்டியதும் படித்ததும்

மே மாதம் மேற்கு இந்திய நகரம் ஒன்றில் 997ஐப் பார்த்தோம். வெளித்தோற்றத்தில் குறை காணவில்லை. பெயின்ட் தடிமன் எங்கும் ஒரே அளவில் இருந்தது. பெரியவர் இருபது நிமிடம் ஓட்டினார். புறநகர்ச் சாலையில் 60, 70 வேகத்துக்கு மேல் போகவில்லை. ஆனால் அந்த வேகத்திலேயே தரையின் ஒவ்வொரு சுருக்கமும் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது தானே ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தைச் சேர்த்தார். முதல் இரண்டு முறை தவறியது, மூன்றாம் முறை சேர்ந்தது. இறங்கியபோது இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கிளட்ச் கனமானது, அவருக்கு அந்த முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம். முகத்தில் மட்டும் வலி தெரியவில்லை.

அந்த வண்டிக்குச் சர்வீஸ் ரசீதுகள் பாதிதான் இருந்தன. இந்த எஞ்சினைத் தடத்தில் ஓட்டுவோர் அறிந்த ஒரு விஷயம் உண்டு. குளிர்நீர்க் குழாய்களின் இணைப்புகள் சில பசையால் ஒட்டப்பட்டவை. தடத்தின் சூட்டில் அவை கழன்றால் நீர் நேராகப் பின்டயரில் கொட்டும். எஞ்சினை இறக்கி, அந்த இணைப்புகளை வெல்டிங் செய்வதோ ஊசி அடித்து நிறுத்துவதோதான் தீர்வு. அந்த வேலை செய்யப்பட்டதா என்று விற்பவருக்குத் தெரியவில்லை. எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்றதைக் காட்டும், எஞ்சின் கணினியிலிருந்து எடுக்கும் ஓவர்ரெவ் அறிக்கையை எழுத்தில் கேட்டேன். “அனுப்புகிறோம்” என்றார்கள்.

அந்த அறிக்கை எட்டு வாரம் வரவில்லை. இடையில் ஆடி பிறந்தது. பெரிய தொகை கொடுப்பதும் வண்டி எடுப்பதும் ஆடி கழிந்து என்று வீட்டார் உறுதியாக இருந்ததால், முன்பணம் கொடுக்கும் அவசரம் தானாகவே அடங்கியது. இந்த வழக்கத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இந்த நிகழ்வில் அது எங்களுக்கு நன்மையே செய்தது.

ஆடி மூன்றாம் வாரம் அறிக்கை வந்தது. படிக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய ஜிடி3 வாங்குவோரில் பலர் கடைசியில் உள்ள ஒரு எண்ணை மட்டும் பார்த்து மயங்குகிறார்கள். எஞ்சின் தன் வரம்பைத் தாண்டிச் சுழன்ற தருணங்களைக் கணினி ஆறு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை எரிப்புகள் நிகழ்ந்தன, கடைசியாக எந்த மணி நேரத்தில் நிகழ்ந்தன என்று பதிவு செய்கிறது. கீழ்நிலைகள் சிவப்புக்கோடு வரை மிதித்தாலே எண்ணிக்கை காட்டும், அதில் பயமில்லை. மேல்நிலைகளுக்கு மிதியால் மட்டும் போக முடியாது. அதிவேகத்தில் தவறான கீழ் கியருக்குப் போட்டால்தான் சக்கரம் எஞ்சினை அங்கே இழுத்துச் செல்லும்.

அந்த வண்டியின் நான்காம் நிலையில் 212, ஐந்தாம் நிலையில் 38. கேட்க அதிகமாகத் தோன்றும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு மூன்று எரிப்பு. நிமிடத்துக்கு 9,000 சுழற்சி என்று வைத்தாலும் நொடிக்கு 450. ஆக 212 என்பது அரை நொடிக்கும் குறைவு, 38 என்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரே ஒரு தவறான கியர் மாற்றம் இதற்குப் போதும். என்னை உறுத்தியது எண்ணிக்கை அல்ல, நிகழ்ந்த நேரம். கடைசி நிகழ்வு 574ஆம் மணியில். எஞ்சின் மொத்தம் ஓடியது 610 மணி. அந்த அடிக்குப் பின் வெறும் 36 மணி நேரமே ஓடியிருக்கிறது. வால்வு, ராடு போல்ட் முதலியவை தாங்கிவிட்டன என்று சொல்ல அது போதாது.

இன்னொன்றும் அதே தாளில் இருந்தது. மீட்டர் காட்டியது 11,800 கி.மீ.; 610 மணியால் வகுத்தால் சராசரி மணிக்கு 19 கி.மீ. நெரிசலில் நின்று நின்று ஓடியிருக்கலாம். மீட்டர் திருத்தப்பட்டிருக்கலாம். எது என்று தாள் சொல்லாது. விற்பவரிடம் கேட்டதற்கு வந்த விளக்கம் தெளிவாக இல்லை.

991: இரண்டு வண்டிகள்

2014 வண்டியைப் பற்றி அதிகம் எழுத ஏதுமில்லை. அதன் எஞ்சினுக்கும் ஃபாலோவர்களுக்கும் என்ன செய்யப்பட்டது என்பதற்குத் தயாரிப்பாளரின் தாள் வேண்டும் என்றோம், கிடைக்கவில்லை. ஆடியிலேயே அது வேறொருவருக்கு விற்றுப்போனது.

2018 வண்டி கர்நாடகப் பதிவு, ஒரே உரிமையாளர், 9,200 கி.மீ., 241 மணி, சராசரி 38. மேல்நிலைகளில் ஓவர்ரெவ் ஏதும் இல்லை. பிடிகே வண்டியில் அது எதிர்பார்க்கத்தக்கதே, ஏனெனில் எஞ்சினைக் கெடுக்கும் கீழ் கியரைக் கேட்டாலும் பெட்டி கொடுக்காது. ரசீதுகள் முழுமையாக இருந்தன. செராமிக் பிரேக்குக்குப் பதில் சாதாரண இரும்பு டிஸ்க் இருந்ததை விற்பவர் குறையாகச் சொல்லி விலையில் சிறிது இறங்கினார். தடத்துக்குப் போகும் வண்டிக்கு அது குறையல்ல. செராமிக் டிஸ்க் தேய்ந்தால் மாற்றும் செலவில் பல செட் இரும்பு டிஸ்க்கும் பேடும் வாங்கிவிடலாம்.

பெங்களூரில் அதை மகளும் தந்தையும் ஓட்டினார்கள். குறுகிய தெருவில் திருப்பும்போது பின்சக்கரங்கள் எதிர்த்திசையில் சற்றே திரும்பி உதவுவதை மகள் உடனே உணர்ந்தார். தந்தை பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, “சொகுசாத்தான் இருக்கு” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முடிவும் அதற்கான காரணங்களும்

ஆவணி முதல் வாரம் முகப்பில் அமர்ந்து பேசினோம். தந்தை 997இன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். மகள் கேட்ட ஒரு கேள்வி பேச்சைத் திருப்பியது: “அப்பச்சி, இதை ஓட்டப் போறது யாரு?” அவர் சிறிது நேரம் கழித்து, “ஓட்டுறது நீதான், ஆத்தா” என்றார்.

அந்தப் பதிலை அடிப்படையாக வைத்து 2018 வண்டியைப் பரிந்துரைத்தேன். முதலாவதாக, தடத்தில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் தவறான கியரால் எஞ்சினை இழக்க வாய்ப்பில்லாத பெட்டி அதில் இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, கவனம் முழுவதும் பிரேக் போடும் புள்ளியிலும் வளைவின் கோட்டிலும் செல்லும். அடுத்து, தூக்கும் வசதி, முழுமையான ரசீது, இரும்பு டிஸ்க். காகித வேலையிலும் வேறுபாடு இருந்தது. எந்த வண்டியானாலும் பழைய மாநிலத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்டி, 12 மாதத்துக்குள் மறுபதிவு செய்தாக வேண்டும். ஆனால் 997க்கு 2025இல் 15 ஆண்டு முடிந்து, தகுதிச் சோதனையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் பசுமை வரியும் தொடங்கிவிடும். காப்பீட்டிலும் ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பதிமூன்று வயதான அபூர்வ வண்டிக்கு அந்தப் பேச்சு நீளும்.

ஆவணி மாதத்திலேயே வண்டி வந்தது. பிள்ளையார்பட்டியில் பூஜை போட்டார்கள். முன் உதட்டில் மாலை கட்ட இடமில்லாமல் அர்ச்சகர் பின் இறக்கையில் கட்டினார்.

பின் நடந்தவை

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைப் பக்கம் போகவில்லை. அந்த மாதங்களில் பெரியவர் விடிகாலையில் திருமயம் கோட்டை வரை போய்த் திரும்புவதை வழக்கமாக்கினார். பதினொரு முறை போனதாகக் கணக்கு வைத்திருக்கிறார். பிறகு நிறுத்திவிட்டார். பழைய மாடல் அம்பாசிடரையே எடுத்துக்கொண்டு போவதாக ஓட்டுநர் சொன்னார்.

2024 ஜனவரியில் முதல் தடநாள். வண்டியை ஃபிளாட்பெட்டில் அனுப்பினோம். மகள் முதல் சுற்றை மெதுவாக முடித்தார். இரண்டாம் சுற்றில், ஒரு வலப்பக்க வளைவின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பின்பகுதி வழுக்கியது. வண்டி முக்கால் வட்டம் சுற்றிப் புல்வெளியில் போய் நின்றது. எதிலும் மோதவில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை.

தடத்தோரத்தில் வண்டிகளைச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்கு வந்ததும் பின்டயரின் பக்கச்சுவரைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். நான்கு இலக்கக் குறியீடு 4117. அதாவது 2017ஆம் ஆண்டின் 41ஆம் வாரத் தயாரிப்பு. ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட ரப்பர். பட்டன் (டயரின் மேல் வரிகள்) முழுதாக இருந்ததால் “டயர் புதுசு மாதிரி” என்று தரகர் சொன்னதை நானும் ஏற்றிருந்தேன். விரல் நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டிய ரப்பர் கல்லாக இருந்தது. எஞ்சின் கணினியின் மணிக்கணக்கை வகுத்துப் பார்த்த நான், குனிந்து நான்கு எண்ணைப் படிக்கவில்லை. இது முழுக்க என் தவறு என்று அன்றே அவர்களிடம் சொன்னேன். சோதனைக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

மோதியிருந்தால் காப்பீடு கைகொடுத்திருக்காது என்பதும் அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இந்தியாவின் தனியார் கார் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை முதலியவற்றுக்கான பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறது. வாங்கும் முன் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று.

புது டயர் வர ஏழு வாரம் ஆயிற்று; பின்பக்கம் 305 மி.மீ. அகலம் என்பதால் எந்தக் கடையிலும் கையிருப்பில் இல்லை. மார்ச்சில் மீண்டும் போனோம். அதன் பின் அந்த ஆண்டு முடிவதற்குள் மொத்தம் ஐந்து தடநாள்கள். பிரேக் எண்ணெயைச் சூடு தாங்கும் வகைக்கு மாற்றியதும் முன்பேட் ஒரு செட் தீர்ந்ததும் தவிர இயந்திரக் கோளாறு ஏதுமில்லை. மகளின் சுற்று நேரம் மார்ச்சுக்கும் டிசம்பருக்கும் இடையே மூன்று நொடிக்கு மேல் குறைந்தது. கற்பதற்கு ஏற்ற வண்டி என்ற கணிப்பு அந்த அளவில் சரியாகவே இருந்தது.

ஷெட்டில் ஒருமுறை எலி புகுந்து எஞ்சின் பக்கத்து வயர் உறையைக் கடித்தது. செம்மண் தூசியால் ஏர் ஃபில்டரைச் சர்வீஸ் அட்டவணைக்கு முன்பே மாற்றினோம். ஊரில் நிறுத்தும் எந்த வண்டிக்கும் இவை பொதுவானவை.

2025 தை மாதம் ஆண்டுச் சோதனைக்குப் போயிருந்தபோது, திருமயம் ஓட்டத்தை ஏன் நிறுத்தினார் என்று பெரியவரிடம் கேட்டேன். “நல்ல வண்டி தம்பி. அதுல எனக்கு வேலை இல்ல” என்றார்.

மறுபடி செய்வதானால்

அந்தப் பதிலுக்குப் பின் என் குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டினேன். 997ஐப் பற்றி எழுதிய பக்கங்களில் இருந்தவை எல்லாம் ஒரே ஒரு வண்டியின் குறைகள்: அதன் 574ஆம் மணி, அதன் 19 கி.மீ. சராசரி, அதன் பாதி ரசீது. அந்த வண்டியை விலக்கியது சரி. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அதன் தாளைக் காட்டி அந்தத் தலைமுறையையே பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன். தாளில் குறையில்லாத இன்னொரு 997ஐத் தேடுவதற்கு யாரும் முயலவில்லை, நான் உட்பட. எங்கள் கேள்வியே தலைமுறைகளுக்கு இடையிலானது என்று தொடங்கியதால், ஒரு வண்டி தோற்றவுடன் அதன் தலைமுறை தோற்றதாக எல்லோரும் கொண்டோம்.

ஓட்டிப் பார்க்கும் முறையையும் மாற்றுவேன். 991ஐ மகளின் தேவைக்காகச் சோதித்தேன். தந்தை அதே சாலையில் 70 வேகத்தில் எதை எதிர்பார்ப்பார் என்று கேட்கவில்லை. 9,000 சுழற்சி வரை போகும் அந்த எஞ்சின் நம் ஊர்ச் சாலையின் நியாயமான வேகத்தில் பாதி கூட விழிப்பதில்லை. கியரைப் பெட்டியே பார்த்துக்கொள்கிறது. ஸ்டியரிங் துல்லியமாக இருந்தாலும் தரையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 997இல் அவர் மூன்று முறை முயன்று ஒருமுறை சேர்த்த அந்தக் கியர் மாற்றம்தான் அவருக்கு வேண்டியிருந்த வேலை. சென்னையில் வாடகை இடம் வேண்டாம் என்று அவர் பேச்சைத் திருப்பியபோதே, வண்டி தன் கண் முன் நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர் அதை ஓட்டவும் விரும்புவார் என்று நான் புரிந்திருக்க வேண்டும். “ஓட்டுறது நீதான்” என்ற சொல்லை முடிவாக எடுத்துக்கொண்டேன். அது மகளுக்கு விட்டுக்கொடுத்த சொல்.

இப்போது இத்தகைய வேலை வந்தால், டயர்க் குறியீட்டைப் பார்த்து எழுதிய பிறகே மற்றவற்றைத் தொடங்குகிறேன். காப்பீட்டு விலக்கை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறேன். வீட்டில் ஓட்டுவோர் இருவர் என்றால், ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவரிடம் தனியாகப் பேசுகிறேன்.

வண்டியை விற்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. சென்ற மாதம் அதைச் சென்னைக்கே கொண்டுபோய் வாடகை இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மகள் இப்போது தடத்துக்கு அரை மணியில் போகிறார். ஊர் ஷெட் காலியாக இருக்கிறது. பெரியவர் தொலைபேசியில் அழைத்து, வேறொரு நகரத்தில் 2011இன் 997 ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், தூக்கும் வசதி இல்லாததால் ஆசாரியிடம் இன்னும் நீளமான பலகைகள் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். கிளட்ச் கனமானது என்று நினைவூட்டினேன். “முழங்கால் என்னோடதுதானே” என்றார். ஓவர்ரெவ் அறிக்கையும், குளிர்நீர் இணைப்புகளுக்கான ரசீதும், நான்கு டயரின் பக்கச்சுவர்ப் படங்களும் கேட்டு விற்பவருக்கு எழுதியிருக்கிறேன். படங்கள் வந்துவிட்டன, டயர் 2023ஆம் ஆண்டுடையது. அறிக்கைக்குக் காத்திருக்கிறோம்.